கரட்டுமேட்டுக்கு எந்த வண்டி

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. போடியில ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன், அந்தச் செல்லுல வண்டி வண்டியாத் தள்ளித் தள்ளிப் பாக்குறீங்க. செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, பின்னாடி தொட்டி வச்ச பிக்கப்பு ஒண்ணு. மறுபடியும் செவப்பு. மூணுமே போர்வீல் வண்டி. வாங்கப் போறீங்களா, இல்ல சும்மா ஆசைக்கா?

அப்படியா! மலையில இடம் வாங்கிட்டீங்களா. எந்தப் பக்கம்? கரட்டுமேட்டுக்குக் கீழயா? அட, அது நம்ம ரோடுல்ல. அஞ்சு நா திண்டுக்கல்ல ஆபீசு, ரெண்டு நா மேல தோட்டம். ரெண்டுக்கும் ஒரே வண்டி ஓடணும். அதான் மண்டைய ஒடச்சுக்கிட்டு வர்றீங்க.

நீங்க சரியான ஆளு பக்கத்துலதான் உக்காந்துருக்கீங்க. இருபத்தாறு வருசம் அந்த ரோட்டுல ஜீப்பு ஓட்டுனவன் நான். வெள்ளிமுடி எஸ்டேட்டுக்கு ஏலக்கா எடுக்குற பொம்பளைங்கள ஏத்தி எறக்குறதுதான் சோலி. ஜீப் ஸ்டாண்டுல மொக்கராசுன்னு கேட்டுப் பாருங்க. இல்ல, இப்பப் போயிக் கேக்காதீங்க. இப்பக் கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்கெ.

செவப்ப மொதல்ல தள்ளுங்க. குத்தம் சொல்லல, நல்ல வண்டிதான். குட்டை வண்டி, கொண்டை ஊசி வளைவுல சட்டுன்னு திரும்பும். ஆனா பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்ட மடக்கணும். திண்டுக்கல்ல மழையில உங்க சம்சாரம் சேலையக் கையில புடிச்சுக்கிட்டு அதுல ஏறி எறங்குறத நெனச்சுப் பாருங்க. பிக்கப்பு, மூட்டை ஏத்த நல்லாருக்கும். வெறும் தொட்டியா மலையில எறக்குனா பின்பக்கம் குதியாட்டம் போடும். டவுனுக்குள்ள அத நிறுத்த எடம் தேடியே பாதிநா போயிரும்.

இன்னொண்ணு கேட்டுக்கங்க. நாலு சக்கரமும் இழுக்குதுன்னு எல்லாப் பயலும் சொல்லுவான். அதுல ரகம் இருக்கு. சிலது நாலும் இழுக்கும், ஆனா லோ கியர் இருக்காது. சேத்துக்கு, மணலுக்கு அது போதும். கல்லு மேல மனுசன் நடக்குறத விட மெதுவா ஏறணும்னா லோ கியர் வேணும். பெரிய கியர் ராடு பக்கத்துலயே சின்னதா இன்னொரு ராடு நிக்கும். இப்ப வர்றதுல திருகுற குமிழ் வச்சுருக்காங்கெ. அது இருக்கான்னு கேட்டுட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கணும். எறக்கத்துலயும் அதான் காப்பாத்தும். பிரேக்க மிதிச்சு மிதிச்சே எறங்குறவன் ஒருநா பள்ளத்துல கெடப்பான். அப்புறம் தார் ரோட்டுக்கு வந்ததும் போர்வீல எடுத்து விட்டுருங்க. மறந்துட்டு ஓட்டுனா திருப்பத்துல வண்டி மொரண்டு புடிக்கும், டயரு தேஞ்சுரும்.

வெள்ளையா?

வெள்ளை வண்டியப் பத்திச் சொல்லணும்னா கொஞ்சம் நேரமாகும். எனக்கு எறங்குறதுக்கு எப்படியும் முக்கா மணி நேரம் இருக்கு. தேனி தாண்டி கோர்ட்டு ஸ்டாப்புல எறங்கணும். அந்த வெள்ளை வண்டியாலதான் எங்க மாப்ளைக்குக் கை போச்சு. வண்டி ஏத்தி இல்ல. நான் அடிச்சு. ஆனா காரணம் வண்டிதான்.

பயப்படாதீங்க தம்பி. சன்னல் பக்கம் ஒதுங்காதீங்க. நான் அப்படிப்பட்ட ஆளு கெடையாது.

மாப்ளைன்னா எந்தங்கச்சி பஞ்சவர்ணத்தக் கட்டுனவன். தெய்வேந்திரன்னு பேரு. இருபது வயசுல எங்கிட்ட வந்தான், கிளச்சு எது பிரேக்கு எதுன்னு தெரியாது. காதத் திருகி, பொடதியில போட்டு, ஓட்டக் கத்துக்குடுத்தேன். கையி சுத்தம், வாயி சுத்தம். ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டான். அதனாலதான் பொண்ணே குடுத்தேன். ஒரு ஜீப்பு, ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி. ஒருநா நான், ஒருநா அவன். தங்கச்சியும் அவனும் மேல கரட்டுமேட்டுல குடியிருந்தாங்க, நான் கீழ போடியில.

அந்த ஜீப்புக்கு வயசாயிருச்சு. சேசிஸ்ல வெடிப்பு விட்டுருச்சு. வெல்டு வச்சு வச்சுப் பாத்தோம். இனிமே எப்.சி. கெடையாதுன்னுட்டாங்க. சரி, வேற வண்டி வாங்கணும். அங்கதான் தகராறு ஆரம்பிச்சுச்சு.

நான் சொன்னேன், அதே மாதிரி பழைய ஜீப்பு ஒண்ண எடுத்து, இன்ஜின் எறக்கிக் கட்டி ஓட்டுவோம். பட்டை ஸ்பிரிங்கு, இரும்பு பாடி. பதினாலு பேர ஏத்தலாம், ரெண்டு பேரு பின்னாடி தொத்திக்கிட்டு வரலாம். எங்க நின்னாலும் ஒரு ஸ்பேனரும் கம்பியும் இருந்தா கெளப்பிரலாம். அவன் சொன்னான், மச்சான், அந்த வெள்ளை வண்டி எடுப்போம். மூணு வரிசை சீட்டு. லோ கியரும் இருக்கு. சுருள் ஸ்பிரிங்கு, தூக்கிப் போடாது. ஏழு பேருதான், ஆனா ரெண்டு நடை அடிச்சுக்கலாம். சீசன் இல்லாதப்ப டவுனுக்குள்ள வாடகைக்கு ஓட்டலாம், கல்யாணம் காட்சிக்குப் போகலாம், டூரிஸ்ட்டு வருவாங்க.

பாருங்க, ரெண்டு பேரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. நான் இல்லங்கல. ஏழு பேரு எங்க, பதினாலு பேரு எங்க? அத உக்காந்து பேசியிருந்தா முடிஞ்சுருக்கும். ஆனா அவன் அதோட நிறுத்தல. "நம்ம வண்டியில ஏலக்கா எடுக்க வர்ற வீருசின்னு மக ஏழு மாசம் மச்சான். தெனம் அந்த ஜீப்புல ஏறி எறங்குது. எனக்குப் பாக்கப் பாக்க..." அப்படின்னான். அதுக்கு மேல சொல்லல. அவன் என்ன சொல்ல வர்றான்னு எனக்குத் தெரியாதா?

உங்களுக்குத் தெரியாதுல்ல. சொல்றேன்.

அதுக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. தங்கச்சிக்கு எட்டு மாசம். ஏழு வருசம் கழிச்சுத் தங்குன புள்ள. பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும். திடீர்னு வலி கண்டுருச்சு. உதிரம் போக ஆரம்பிச்சுருச்சு. அன்னைக்கு என் மொறை, வண்டி எங்கிட்ட இருந்துச்சு. பின்னாடி சாக்க விரிச்சு, அதுக்கு மேல ரெண்டு கம்பளியப் போட்டு, அவளப் படுக்க வச்சு, மாப்ள அவ தலைய மடியில வச்சுக்கிட்டான். கரட்டுமேட்டுல இருந்து போடி இருபத்திரண்டு கிலோமீட்டரு. அதுல பதினாலு கல்லு ரோடு, பதினோரு வளைவு. நல்ல நாள்லயே ஒண்ணே முக்கா மணி நேரம். நான் அம்பத்தஞ்சு நிமிசத்துல எறக்குனேன் தம்பி. அம்பத்தஞ்சு நிமிசம்! அந்த ரோட்டுல அப்படி எவனும் எறக்குனதில்ல. இன்னைக்கு வரைக்கும் ஸ்டாண்டுல அந்தப் பேச்சு இருக்கு.

புள்ள தக்கல. பொம்பளப் புள்ள. கர்ப்பப்பையையும் எடுத்துத்தான் அவளக் காப்பாத்துனாங்க.

ரோடு அப்படி. எட்டு மாசத்துக்காரிய எஸ்டேட்டுல வச்சுக்கிட்டிருந்தது யாரு தப்பு? ஆறு மாசத்துலயே கீழ அனுப்புன்னு சொன்னேனா இல்லையா? சொன்னேன். அவ கேக்கல. அது சரி. யாரும் என்ன ஒண்ணும் சொல்லல. அவன் சொல்லல, அவளும் சொல்லல. அழுதுட்டு எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாங்க. அன்னையில இருந்து ரெண்டு வருசம், ஒரு வார்த்தை கெடையாது. அதான் தம்பி, சொல்லிட்டாத் தொலையுதுன்னு விட்டுரலாம். சொல்லாம சுருள் ஸ்பிரிங்கு, சுருள் ஸ்பிரிங்குன்னா?

கோடாங்கிபட்டி வந்துருச்சா. அந்தப் பையக் கீழ வச்சுக்கங்க, ஆளு ஏறுவாங்க.

சரி, பாத்துட்டாவது வருவோம்னு ஷோரூமுக்குப் போனோம். ஏசி போட்ட கடை. கழுத்துல பட்டி கட்டுன ஒரு பொண்ணு, அது பாட்டுக்கு ஒப்பிச்சுக்கிட்டே வருது. ஏர்பேக்கு ஆறு, கேமரா, அது இதுன்னு. நான் குனிஞ்சு வண்டிக்கு அடியில பாத்துக்கிட்டு இருக்கேன். தரைக்கும் டிபரன்ஷியலுக்கும் எவ்வளவு உயரம், எங்க தட்டும், எங்க ஒரசும்னு. நிமிந்து பாக்குறேன், மாப்ளயக் காணோம். எங்கடான்னா, பின்கதவு தொறந்து கெடக்கு. செருப்பக் கழட்டிப் போட்டுட்டு நடுச்சீட்டுல நீட்டிப் படுத்துருக்கான். ஆறடி ஆளு, முட்டிய மடக்கி, ஒருக்களிச்சு, கண்ண மூடிப் படுத்துப் பாக்குறான்.

அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. அவன் எதுக்குப் படுத்துப் பாக்குறான்? யாருக்கு அளவு எடுக்குறான்? அவ்வளவு பேரு முன்னாடி, ஏசி போட்ட கடையில, என்னக் குத்திக் காட்டுறான். ரெண்டு காலையும் புடிச்சு இழுத்தேன். தலை படியில மோதிச்சு. எந்திரிச்சு ஒக்காரப் போனவனக் கன்னத்துல ஒண்ணு விட்டேன். உதடு கிழிஞ்சு அந்த வெள்ளை வண்டிக் கதவுல ரெத்தம் தெறிச்சுருச்சு. கடைக்காரன் ஓடியாந்தான், அவன் சட்டையப் புடிச்சுத் தூக்கிச் செவுத்துல சாத்துனேன். செக்யூரிட்டி ரெண்டு பேரு வந்து வெளிய தள்ளுனாங்கெ.

மாப்ள என்ன செஞ்சான் தெரியுமா? வேட்டி நுனியால கதவுல இருந்த ரெத்தத்தத் தொடச்சான். "மன்னிச்சுக்கங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னான். வெளிய வந்து, "வா மச்சான், சாப்பிடுவோம்"ன்னான்.

இவன வச்சுக்கிட்டு நான் என்ன செய்யிறது சொல்லுங்க?

அதுக்கப்புறம் ஸ்டாண்டுக்காரங்கெ உள்ள பூந்துட்டாங்கெ. ஒங்களுக்குள்ள எதுக்கு அடிதடி, ரெண்டு வண்டியையும் ஏத்திப் பாருங்க, எது ஏறுதோ அத வாங்குங்கன்னாங்கெ. எட்டாம் வளைவு. உங்க தோட்டத்துக்கும் அதத் தாண்டித்தான் போகணும், பாத்துருப்பீங்க. ஒத்தப் பாறை, வழுக்கி விட்ட மாதிரி இருக்கும், இந்தப் பக்கம் அதலபாதாளம். ஐப்பசி மாசம், நாலு நா மழை பேஞ்சு ஓஞ்ச காலையில வச்சுக்கிட்டோம். நான் ஒரு பட்டறையில இருந்து ஜீப்பு வாங்கிட்டு வந்தேன். எஸ்டேட்டு மேனேஜர்கிட்ட அந்த வெள்ளை வண்டியே இருந்துச்சு. மாப்ள கேட்டதும் சாவியக் குடுத்துட்டாரு. அவன் கேட்டா எல்லாரும் குடுப்பாங்க.

வளைவுக்கு மேல எஸ்டேட்டுப் பொம்பளைங்க பூராம் நின்னாங்க. தங்கச்சியும் நின்னா. அவங்கதான ஏறப் போறவங்க, அவங்க பாக்கட்டும்னு மாப்ள சொல்லி வச்சுருக்கான்.

மொத நான் ஏறுனேன். லோ கியரு, மொத கியரு, நேராப் புடிச்சுட்டேன். பாறை நடுவுல பின்சக்கரம் வழுக்கி, வண்டி குறுக்க வாங்கிருச்சு. விட்டு எறக்கினேன். ரெண்டாந் தடவை போயி, சைடு கல்லுல இடிச்சு நின்னுச்சு. மூணாவது தடவை ஏறிட்டேன். ஏறிட்டேன்ல? அதுதான கணக்கு. பட்டறைக்காரன் டயர மொட்டையா வச்சிருந்தான், அதுக்கு நான் என்ன செய்வேன்.

அப்புறம் அவன். கண்ணாடிய எறக்கி விட்டுட்டு, தலைய வெளிய நீட்டி, சக்கரத்தப் பாத்துக்கிட்டே வந்தான். அவசரமே இல்ல. ஒரு எடத்துல நின்னான். கொஞ்சம் பின்னாடி விட்டான். சக்கரத்த ஒடிச்சான். அப்படியே எறும்பு ஏறுற மாதிரி ஏறி வந்து மேல நிறுத்திட்டான். ஒரே தடவை. வண்டி ஏறுனதில்ல தம்பி அது, அவன் ஓட்டுனது. நான் கத்துக்குடுத்த ஓட்டு!

பொம்பளைங்க கையத் தட்டுனாளுக. வீருசின்னு குலவை போட்டா. அவ மக, ஏழு மாசக்காரி, வந்து பின்கதவத் தொறந்து உள்ள ஏறி ஒக்காந்தா. ஒக்காந்து, குதிச்சுப் பாத்தா. எல்லாரும் சிரிச்சாங்க. தங்கச்சி சிரிச்சா. அந்தப் புள்ள போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் அவ சிரிச்சுப் பாக்குறேன்.

ஜீப்புல ஜாக்கி ராடு கெடந்துச்சு. எடுத்தேன். போயி, "எறங்குடி"ன்னு அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துனேன். அவ எறங்கிட்டா. நல்லா ஞாபகம் வச்சுக்கங்க, எறங்கச் சொல்லிட்டுத்தான் அடிச்சேன். கர்ப்பிணிப் பொண்ணு மேல ஒரு துரும்பு படல. முன்னாடி லைட்டு ரெண்டையும் ஒடச்சேன். கண்ணாடியில ஒண்ணு போட்டேன். பானெட்டுல போடப் போறப்ப, மாப்ள ஓடியாந்து, "மச்சான், அது மேனேஜர் வண்டி"ன்னு கையக் குறுக்க நீட்டுனான்.

மொத அடி வண்டிக்கு ஓங்குனது. அவன் கையில விழுந்துருச்சு. வலது கை. மணிக்கட்டுக்கு மேல, மூங்கி முறியிற மாதிரி சத்தம் கேட்டுச்சு.

ரெண்டாவது அடியும் வண்டிக்கு ஓங்குனதுன்னுதான் வக்கீலு சொல்லச் சொல்லிருக்காரு.

கீழ விழுந்துட்டான். விழுந்து, முறிஞ்ச கைய இன்னொரு கையால புடிச்சுக்கிட்டு, என்ன அண்ணாந்து பாத்துச் சொல்றான்: "பைய மச்சான். பைய." எப்படிச் சொல்றான்? மெதுவா, மெதுவான்னு மாட்டத் தடவிக் குடுக்குற மாதிரி. பைய மச்சான், பைய. அந்த வார்த்தைய அவன் ஏன் தம்பி சொல்லணும்? வேற எதாவது சொல்லிருக்கலாம்ல? ஆத்தாளையும் அக்காளையும் இழுத்து வைஞ்சுருக்கலாம்ல? கல்லெடுத்து எறிஞ்சுருக்கலாம்ல? அந்த வார்த்தைதான் கெடச்சுச்சா? எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. அதே கையில அடிச்சேன், தோள்ல அடிச்சேன். மூஞ்சில ஒண்ணு பட்டுச்சு, இடது கண்ணுக்கு மேல. ரெத்தம் கண்ண மூடிருச்சு. அப்பவும் வாயி மட்டும் அசையுது.

பின்னாடி யாரோ கத்துனாங்க. யாருன்னு தெரியல.

அப்புறம் எனக்கு விழுந்துச்சு. வீருசின்னு. அம்பத்தஞ்சு வயசுப் பொம்பள, ரெண்டு கையாலயும் கல்லத் தூக்கி என் தாடையில போட்டா. இந்தா பாருங்க, இந்தப் பக்கம் அஞ்சு பல்லு கெடையாது. நான் சரிஞ்சதும் மொத்தப் பொம்பளைங்களும் மேல ஏறிட்டாளுக. காலால மிதிச்சாளுக, ஏலக்காக் கூடைய வச்சு அடிச்சாளுக, ஒருத்தி கையக் கடிச்சா. எத்தன வருசம் ஏத்தி எறக்குனவன் நான்? பிரசவம், பாம்புக்கடி, சாவு, எல்லாத்துக்கும் ஓடுனவன். ஒருத்திக்கும் அந்த நெனப்பு இல்ல. கொன்னுருப்பாளுக. யாரு தடுத்தான்னு நெனைக்கிறீங்க? மாப்ள. கண்ணு தெரியாம, தவந்து வந்து, "விடுங்க, விடுங்க, வர்ணத்தோட அண்ணே"ன்னு கத்திருக்கான். எனக்கு அது தெரியாது. பின்னால கோர்ட்டுல சொன்னாங்க.

அவனுக்கு ரெண்டு தடவை ஆபரேசன் பண்ணி, கம்பி வச்சாங்க. கை சேந்துருச்சு, விரலு மடங்காது. ஸ்டியரிங்கு புடிக்க முடியாது. இடது கண்ணுல மங்கலாத்தான் தெரியும். ஆயுசுக்கும் வண்டி எடுக்க முடியாது. நான் நாப்பத்தொரு நா உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தேன். வீட்டுல சம்சாரத்தக் காணோம். எங்கடான்னா, கரட்டுமேட்டுல. மாப்ளைக்குச் சோறு ஊட்டி விட ஆளு வேணும்ல, தங்கச்சி வேலைக்குப் போறாள்ல, அதுக்குப் போயிருக்காளாம். எம்பொண்டாட்டி. இன்னும் வரல.

தேனி வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி.

இதக் கேளுங்க. கடைசியில அந்த வெள்ளை வண்டியத்தான் வாங்குனாங்க. அவனுக்குத்தான் கை இல்லையே, யாரு ஓட்டுறதுன்னு கேக்குறீங்களா? எந்தங்கச்சி. சைக்கிள் கூட ஓட்டத் தெரியாதவ. மாப்ள பக்கத்துல ஒக்காந்து, வாயால சொல்லிச் சொல்லி, நாலு மாசத்துல ஓட்ட வச்சுட்டான். லைசென்சு எடுத்துட்டா. இப்ப அவதான் ரெண்டு நடை அடிக்கிறா. ஏழு ஏழு பேரா.

எனக்கு ஒப்பல. பொம்பள ஓட்டுறான்னு இல்ல. என் ரோட்டுல, என் சீட்டுல... ஒருநா போயி மூணாம் வளைவுல, நடு ரோட்டுல நின்னுட்டேன். கையில கல்லு வச்சுருந்தேன். போடணும்னு இல்ல, சும்மா வச்சுருந்தேன். எறக்கத்துல வந்தா. ஹாரன் அடிக்கல. பிரேக்கும் போடல. லோ கியர்ல இன்ஜின் புடிச்சுக்கிட, அப்படியே உருண்டு வந்து, என் நெஞ்சுக்கு ஒரு மொழம் முன்னாடி நிறுத்துனா. கண்ணாடிக்குள்ள இருந்து என்னையே பாத்தா. மாப்ள பக்கத்துல, மடியில செத்த கைய வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கான். பின்னாடி கதவு தொறந்துச்சு. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா எறங்குனாளுக, ஆளுக்கொரு கல்லு பொறுக்குனாளுக.

நான் ஓரமா ஒதுங்கிட்டேன். எதுக்கு வம்புன்னு.

போன வாய்தாவுலதான் தங்கச்சி சாட்சி. அதுக்கு முந்தி மாப்ள கூண்டுல ஏறிட்டான். அவன் என்ன சொல்லிருக்கான் தெரியுமா? "மழையில பாறை வழுக்கி விழுந்துட்டேன், மச்சான் தூக்கத்தான் வந்தாரு"ன்னுட்டான். சர்க்கார் வக்கீலு தலையில அடிச்சுக்கிட்டாரு. எங்க வக்கீலு எங்கிட்ட வந்து, "பொழச்சீரு, தங்கச்சியும் இதையே சொல்லிட்டா கேசு முடிஞ்சுருச்சு"ன்னாரு. நான் சொன்னேன், சொல்லுவா சார். கூடப் பெறந்தவ. அஞ்சு வயசுல ஆத்தா போனதுக்கப்புறம் நான் தலை சீவி விட்டு வளத்தவ. எனக்கு எதிரா எப்படிச் சொல்லுவா?

ஏறுனா. எங்க வக்கீலு நயமாத்தான் கேட்டாரு. "உங்க அண்ணன் வண்டியத்தான அடிச்சாரு? உங்க வீட்டுக்காரர் குறுக்க வந்துட்டாரு, அப்படித்தானம்மா?"

"மொத அடிக்கு அவரு குறுக்க வந்தாரு"ன்னா. "மிச்ச ஆறு அடிக்கு அவரு கீழ கெடந்தாரு."

எண்ணிருக்கா தம்பி. அந்த நேரத்துலயும் எண்ணிருக்கா.

வக்கீலு விடல. "நீங்க நிறுத்துன்னு கத்துனேன்னு போலீசுல சொல்லிருக்கீங்க. அவ்வளவு கூச்சல்ல அது அண்ணனுக்குக் கேட்டிருக்காதுல்ல? ஆத்திரத்துல இருந்த மனுசன்."

அப்ப அவ என்னத் திரும்பிப் பாத்தா. அந்த ரெண்டு வருசமும் சொல்லாதத, அத்தன பேரு முன்னாடி, கொரல ஒசத்தாமச் சொன்னா. "கேட்டுச்சு. அண்ணனுக்கு நான் சொல்றது கேக்கும். எனக்குப் புள்ள போன அன்னைக்கும், ஜீப்புல, ஏழாம் வளைவுல வச்சு, நிறுத்துண்ணே, என்னால தாங்க முடியல, ஓரமா நிறுத்துண்ணேன்னு கத்துனேன். இவரு, பையப் போ மச்சான், பையப் போன்னு அழுதாரு. அண்ணே கண்ணாடியில என்னப் பாத்துச்சு. பாத்துட்டு, இன்னும் வெரசா மிதிச்சுச்சு. அன்னைக்கும் நிறுத்தல. இவரப் போட்டு அடிக்கிறப்பவும் நிறுத்தல."

ஜட்ஜம்மா பேனாவக் கீழ வச்சுட்டாங்க. இது இந்தக் கேசுல வராதுன்னு எங்க வக்கீலு எந்திரிச்சாரு. அவங்க கையமர்த்திட்டு, மறுபடி பேனாவ எடுத்து எழுதிக்கிட்டாங்க.

இன்ஜின் சத்தம் தம்பி. நீங்க பழைய ஜீப்புல போயிருக்கீங்களா? பின்னாடி பேசுறது முன்னாடி கேக்காது. கேக்கவே கேக்காது. கண்ணாடியில பாத்தேனாம். வளைவுல கண்ணாடியப் பாக்காம எவன் ஓட்டுவான்? அம்பத்தஞ்சு நிமிசம். நிறுத்திருந்தா ஒரு மணி நேரம் தாண்டிருக்கும். தாண்டுனா ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவான், லேட்டாக் கொண்டு வந்துட்டேன்னு சொல்லுவான். நான் அவளக் காப்பாத்தத்தான ஓட்டுனேன்? சொல்லுங்க. நான் வேற எதுக்கு ஓட்டுனேன்?

சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

சரி விடுங்க. இன்னைக்குத் தீர்ப்பு. நாலு வருசம் கெடைக்கலாம், ஏழும் கெடைக்கலாம்னு வக்கீலு சொன்னாரு. அவரும் இன்னைக்கு வரலையாம், ஜூனியரத்தான் அனுப்புறாராம். துணி ரெண்டு எடுத்துக்கிட்டேன், இந்த மஞ்சப் பையில.

வெள்ளையவே வாங்குங்க தம்பி. நல்ல வண்டி. பின்சீட்டு நல்லா நீளம்.

அந்தா, அந்தக் கேட்டுதான் கோர்ட்டு. ரோட்டோரமா காரெல்லாம் நிக்குதுல்ல, அதுக்குள்ள போகணும். தம்பி, உங்களுக்கு ஒரு பதினஞ்சு நிமிசம் சோலி இல்லாம இருக்குமா? அடுத்த பஸ்ஸு கா மணி நேரத்துல வந்துரும், டிக்கெட்டு நான் எடுத்துத் தர்றேன். ஒண்ணும் செய்ய வேணாம். உள்ள பெஞ்சுல ஒக்காந்தாப் போதும். அந்தப் பக்கம் அவங்க எல்லாரும் ஒக்காந்துருப்பாங்க, எம்பொண்டாட்டி, வீருசின்னு, எல்லாரும். இந்தப் பக்கப் பெஞ்சு காலியா இருக்கும். பேரு சொல்லிக் கூப்புடுறப்ப பக்கத்துல ஒரு ஆளு இருந்தா...

இல்ல இல்ல, பரவால்ல. வேலை இருக்கும்ல. வீட்டுல தேடுவாங்க. நான் சும்மா கேட்டேன்.

கண்டக்டர், எறங்கணும். கொஞ்சம் நிறுத்துங்க.